மேல் லயத்தில் அந்த ஏழு நாள்

இல்லை, சாவு விழுந்த வீட்டில் எப்படி விறகை நிறுத்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? நிறுத்தேன். கொக்கித் தராசை வாசல் நிலையில் மாட்டினேன், விறகைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், முள் ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், எண்ணை எழுதினேன். மற்ற நாட்களில் செய்ததைப் போலவேதான். அப்பாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து அப்போது இன்னும் கொண்டுவரவில்லை. எரிந்தது எழுநூறு கிராம். விடியலில் தேத்தண்ணிக்கு மூட்டிய விறகு, அவ்வளவுதான் எரிந்திருந்தது; ஏழு மணிக்கு முன் எரிந்தது முந்தின நாள் கணக்கில் சேரும். மிச்சத்தை அம்மா தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். ஈர விறகு கூடுதலாக நிற்கும் என்பதால் வெயிலில் வைத்துக் காய்ந்தபிறகு இன்னொரு தடவை நிறுத்தேன். அது சரியான முறைதானே?

சரி, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றி ஏதோ நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவிலிருந்து ஆறு கட்டை தள்ளி இருக்கிறது. ரப்பர்தான் கூட. மற்றத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கிற நீளமான பழைய லயங்கள் இருக்கும், எங்களிடம் மாடி லயங்கள் ஆறு. எழுபதுகளில் கட்டியது. கீழே நாலு வீடு, மேலே நாலு வீடு, தலைக்குமேல் தட்டையான கொங்கிரீட். அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டுப் போனார்களாம். முப்பது வருசம் கழித்து அது என்ன ஆனது என்று கேளுங்கள். பகல் பதினொரு மணிக்கு மேல்மாடிக் காம்பராவுக்குள் முப்பத்தைந்து டிகிரி. விடியற்காலையில் அதே சுவர் வியர்க்கும், கையை வைத்தால் நனையும். நடுவில் புகை. ஜன்னல் ஒரு முழம் அகலம், புகை போக வழியே கிடையாது, பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவி, கொழும்பில் அலுவலகம். மாடி லயங்களை இடிக்காமல் திருத்துவது, வெயிலையும் விறகையும் மிச்சப்படுத்துவது. முதலில் ஒரே ஒரு லயத்தில் செய்து பார்ப்பார்கள். எங்கள் மேல் லயத்தைப் பிடித்தார்கள். கூரைக் கொங்கிரீட்டின் வெடிப்பை அடைத்தார்கள், மேலே இன்னொரு படை போட்டு வெள்ளை அடித்தார்கள், ஜன்னலைப் பெரிதாக்கினார்கள், சுவரின் உச்சியில் காற்றுத் துவாரம் விட்டார்கள், எட்டு வீட்டுக்கும் புகைக்குழாய் வைத்த புது அடுப்புக் கட்டினார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அளக்கிற வேலை கிடைத்தது. ஒரு தெர்மோமீட்டர், ஒரு தராசு, ஒரு கட்டுத் தாள். நான் எவ்வளவு குதித்தேன் தெரியுமா! வெள்ளை அடித்த மறுநாளே பதினொரு மணிக்கு முப்பத்தொன்று. நாலு டிகிரி! வீடு வீடாக ஓடிச் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கு புள்ள" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

ஆனால் கொழும்புக்கு டிகிரி தேவையில்லை, விறகுதான் தேவை. திருத்தின லயமும் திருத்தாத லயமும் எவ்வளவு எரிக்கின்றன என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நாற்பது விழுக்காடு குறைந்தால் மிச்சம் ஐந்து லயத்துக்கும் வேலை நடக்கும். குறையாவிட்டால் இந்த ஒன்றோடு சரி. ஒப்பிடுவதற்கு எடுத்தது, கீழே ஓடைப் பக்கம் இருக்கிற பணிய லயம்.

பணிய லயத்தில்தான் இலட்சுமி அக்கா இருக்கிறார். ரப்பர் பால் வெட்டுகிறவர், வாய் ஓயாது. தினமும் காலையில் நான் தராசோடு போனால் ஏதாவது ஒன்று வரும்.

"வந்துட்டாங்க வெறகு டாக்டரு. நாடி புடிச்சுப் பாரு புள்ள, காய்ச்சல் இருக்கான்னு."

"சும்மா இருங்கக்கா. ஒம்பதேகாலு."

"ஒங்க வீட்டு அடுப்புக்கு கொழா எல்லாம் வச்சுக் குடுத்துட்டாங்களாமே? ஒரு பீடியும் பத்தவச்சுக் குடுத்தா தொர மாதிரி ஒக்காந்து இழுக்கும்."

"நாப்பது வந்தா ஒங்களுக்கும் வப்பாங்க."

"எனக்குக் கொழா வேணாம் சாமி. இந்தா, இத மட்டும் பாக்கச் சொல்லு." கையை மேலே நீட்டினார். கூரையில் கொங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. "பல்லக் காட்டிச் சிரிக்குது பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போன வைகாசி மழையில் அந்த இடத்திலிருந்து ஒரு துண்டு தொட்டிலுக்குள் விழுந்தது. அந்த வீட்டுக் குழந்தை அப்போது பிள்ளைக் காம்பராவில் இருந்தது, அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில். அதற்குப்பிறகு அவர்கள் நாலு பேரும் சமைக்கிற இடத்தில்தான் படுக்கிறார்கள். அந்தத் துண்டை நான் நிறுத்துப் பார்த்தேன். மூன்றரைக் கிலோ.

ஆகவே நாற்பது வரவேண்டும்.

வரவில்லை. முதல் தடவை அளந்தபோது இருபத்தொன்று. இரண்டாவது தடவை இருபத்துநாலு. ஏனென்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், காரணம் எளிது. கொழும்பு ஆட்கள் சோறு கறி ஆக்குகிற விறகை மட்டும் கணக்கெடுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பால் வெட்டிவிட்டு நனைந்து வருகிறவர்களுக்கு வெந்நீர் வேண்டும், சட்டை காயவேண்டும். அதனால் சமைத்து முடித்த பிறகும் அடுப்பின் வாயைத் திறந்துவைத்து எரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வீடு கெஞ்சினேன். எங்கள் வீட்டிலேயே நடக்கவில்லை.

"வாய மூடுங்கப்பா, சூடு வெளிய போகுது."

"வாய மூடிட்டா அது அடுப்புன்னு எப்புடி புள்ள தெரியும்?" என்றார் அப்பா. சட்டையைப் புகைக்குழாயில் சுற்றிக் காயவைத்துக்கொண்டிருந்தார். "நெருப்பு கண்ணுக்குத் தெரியணும்."

அவர் பெயர் ராமச்சந்திரன். தாளில் ஐந்தாம் இலக்க வீடு.

மூன்றாவது தடவைதான் கடைசி. ஏழு நாள், ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் திட்டத்தின் கணக்கை மூடுகிறார்கள், தொடங்க நாளே இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஆறு கிலோ அறுநூறு, பணிய லயத்தில் ஒன்பது. பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. இருபத்தேழு.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு அப்பா வேலைக்குக் கிளம்பி, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தலைவர் யோகராஜ் மாமா ஓடிப்போய் வான் பிடித்துவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஆறே முக்காலுக்குச் செய்தி வந்தது. அம்மா எழுந்தார், குடத்துத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார். நான் ஏழு மணிக்குத் தராசை எடுத்தேன். ஏழு மணி என்றால் ஏழு மணிதான், தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அழவில்லையா என்று கேட்காதீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், அப்பா சாய்ந்த இடத்தை. வழக்கம்போல வியர்த்திருந்தது. இருபத்திரண்டு டிகிரி. எழுதிக்கொண்டேன். வேறெதுவும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே கூரைக்குக் கீழே சாவு என்றால், பிரேதம் எடுக்கும்வரை அந்தக் கூரைக்குக் கீழே யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். செத்த வீடு மட்டுமல்ல, எட்டு வீடும்தான். சாதாரணமாக ஒருநாளில் எடுத்துவிடுவார்கள். அண்ணன் ஸ்ரீதரன் கொழும்பில் கடையில் நிற்கிறான். புதன்கிழமை காலை அவன் இருந்த தெருவில் ராணுவச் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையைப் பார்த்து, விசாரித்து, விட்டு, பஸ் பிடித்து அவன் வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை மத்தியானம். இறுதிக் காரியம் செய்ய அவன்தான் இருந்தான், ஆகவே காத்திருந்தோம். மூன்று நாள்.

மூன்று நாளும் பணிய லயத்துக்காரர்கள் சமைத்தார்கள். எங்களுக்கும், வந்த சனத்துக்கும். படிக்கட்டில் அண்டா அண்டாவாகச் சோறு ஏறிவந்தது. நானும் காலையில் ஏழு மணிக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு எட்டு வீடு, பிறகு படி இறங்கிப் போய் அந்த எட்டு வீடு. எங்கள் பக்கத்தில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். அந்தப் பக்கத்தில் பதினான்கு, பதினைந்து, பதினாறு.

வியாழக்கிழமை இலட்சுமி அக்கா என்னைப் பார்த்ததும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ புள்ள, நீ இன்னைக்குமா? அப்பா அங்க கெடக்காரு."

"ஒருநாள் விட்டா எல்லாம் போயிரும் அக்கா."

"போனாப் போகட்டும்டி." என் முகத்தையே பார்த்தார். பிறகு விறகுக் கட்டை அவரே தூக்கிக் கொக்கியில் மாட்டினார். "சரி, எழுது. எவ்வளவு காட்டுது?"

"பதினஞ்சு."

"இருக்கும். ஒங்க பெரியப்பா மட்டுமே ரெண்டு கிலோ வெறகுக்குச் சாப்புட்டுட்டாரு."

நான் சிரித்தேன். உண்மையில் சிரித்தேன். சிரித்ததையும் வெளியிலிருந்து யாரோ பார்ப்பது போலத்தான் இருந்தது.

அண்ணன் வந்தான், எடுத்தார்கள், புதைத்தார்கள். சனிக்கிழமை காலை மற்ற ஏழு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டில் எட்டாம் நாள் காரியம் கழியும்வரை இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாடு வரும்வரை உட்கார்ந்து கூட்டினேன். ஏழு நாளுக்கும் கூட்டிப் பிரித்தால் மேல் லயத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரைக் கிலோ. பணிய லயத்தில் பதினொன்றரை. அறுபத்தொன்பது விழுக்காடு மிச்சம்.

அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன், என்ன எழுதுகிறேன் என்று யோசிக்கவில்லை. எங்கள் அடுப்பு எரியாததும் மிச்சம், எங்களுக்காக அவர்கள் எரித்ததும் மிச்சம். இரண்டு பக்கமும் சேர்த்துத் தூக்கிவிட்டிருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு யோகராஜ் மாமாவிடம் ஓடினேன். அவர் தொழிற்சங்கத் தலைவர், எண்களில் கெட்டிக்காரர். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்றிலும் விரல் நின்றது.

"ராமச்சந்திரன் உசுரோட இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

"இருபத்தேழு. மிஞ்சிப்போனா இருபத்தெட்டு."

"ம்." தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "கேட்டா சொல்லு. கேக்காட்டி ஒனக்கு என்ன?"

"பொய்யில்லியா மாமா?"

"நீ ஒன்னையும் கூட்டி எழுதலயே? நிறுத்தத எழுதுன. அஞ்சு லயம் புள்ள. நாப்பது குடும்பம். அந்தக் கொங்கிரீட்டு அடுத்த தடவ தொட்டில்ல புள்ள இருக்கான்னு பாத்தா விழுகும்?"

அம்மாவிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா பாயில் படுத்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒங்கப்பன் சாவையும் நிறுத்துட்டியா?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைக்குமேல் கூரை சூடில்லாமல் இருந்தது. எழுந்து தெர்மோமீட்டரைப் பார்த்தேன். முப்பது.

புதன்கிழமை முக்தார் சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கேகாலைக்காரர், திட்டத்தின் எஞ்சினியர், எங்களோடு தமிழில்தான் கதைப்பார். ஆனால் அவர் சிங்கள மீடியத்தில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் தாளில் குறிப்பு என்று இருக்கிற கட்டத்தில் நான் எப்போதும் சிங்களத்தில்தான் எழுதுவேன். 'மழை', 'நாலாம் வீட்டுக்கு விருந்தாளி' என்று இரண்டு மூன்று சொல். அந்த வாரம் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

"ஒங்கட அப்பா மவுத்தான விசயம் எனக்கு நேத்துத்தான் தெரிய வந்த" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "முந்தியே தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன். ஒங்களுக்கு இந்த வேலய நிப்பாட்டி ஈக்கலாம்."

"பரவாயில்ல சேர்."

மேசையில் தாளை விரித்தார். பார்த்துக்கொண்டே போனவர் கடைசியில் நிமிர்ந்தார். "அறுபத்தொன்பதா?"

நான் தாளின் ஓரத்தை நேராக்கினேன்.

"இல்ல புள்ள, இதுல ஒரு பிழ ஈக்கிது" என்றார்.  அப்போது எனக்கு வந்தது பயமா, நிம்மதியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. "ஒங்கட வீட்டச் சேக்க ஏலாது. சாவூட்ல அடுப்பு மூட்ட மாட்டாங்க தானே. எங்கட ஆக்களும் அப்பிடித்தான், அக்கம்பக்கத்து ஊட்டாலதான் சாப்பாடு வரும். அஞ்சாம் நம்பரக் கழிச்சிட்டு ஏழு வீட்டுக்குப் பாப்பம்."

கல்குலேட்டரைத் தட்டினார். நேர்மையான மனுசன். தட்டி முடித்து மறுபடியும் தட்டினார்.

"அறுபத்தேழு! அப்பவும் அறுபத்தேழு! ஹரி ஷோக்!" பிரமாதம் என்று சிங்களத்தில் கத்திவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். துக்க வீட்டில் சத்தம் போட்டுவிட்டோமே என்று முகம் வாடியது. "மன்னிச்சுக்கோங்க."

எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை என்பது அவருக்குத் தெரியாது. அதாவது கூரை ஒன்று என்று தெரியும், அவர்தானே அதற்கு வெள்ளை அடித்தவர். எங்களுக்கு அந்த ஒரே கூரை என்ன அர்த்தம் என்றுதான் அவருக்குத் தெரியாது. அந்த மூன்று பூச்சியத்தையும் பார்க்கவில்லையா என்று நினைப்பீர்கள். அவர் பார்த்தது கடைசிப் பக்கம், வாரத்துக் கூட்டுத்தொகை மட்டும். நாள் தாள்கள் கீழே கட்டாக இருந்தன. நான் எழுதியதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"ஒரு நிமிசம் சேர், குறிப்பு எழுதல்ல" என்றேன்.

பேனாவை வாங்கினேன். எழுதினேன். தமிழில். 'இந்த ஏழு நாளில் மேல் லயத்தில் ஒரு சாவு. எங்கள் வழக்கப்படி மூன்று நாள் எட்டு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. பணிய லயத்தார் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். எண்களை அதற்கேற்பப் பார்க்கவும். அளந்தவர், ரா. ஷாமிளா.' எழுத்துத் தெளிவாக, ஒரு அடித்தல் இல்லாமல்.

முக்தார் சேர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எனத்த எழுதி ஈக்கிது?"

"அப்பா தவறின விசயம் சேர்."

அவர் அந்த வரிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார். கொழும்புக்கு அது வெள்ளிக்கிழமை போனது. அங்கே யாருக்காவது தமிழ் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஒரு கடிதமும் திரும்பி வரவில்லை, அனுமதிக் கடிதத்தைத் தவிர.

தை பிறந்து வேலை தொடங்கியது. முதலில் பணிய லயம். இலட்சுமி அக்கா வீட்டுக் கூரையில் கம்பி தெரிகிற இடம் முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். அவர் வெளியே தறப்பாளைக் கட்டிக்கொண்டு மூன்று கல்லில் சமைத்தார், கொத்துகிறவர்களைக் கேலி செய்துகொண்டு. புது அடுப்பு கட்டினபிறகு அங்கேயும் நிறுத்தேன், யாரும் கேட்காமல், என் பாட்டுக்கு. இருபத்தாறு விழுக்காடு மிச்சம். நாற்பது இல்லை. ஆனால் கூரை விழாது. பகலில் நாலு டிகிரி குறைவு, அது பொய்யில்லை, அதை யார் வந்து அளந்தாலும் சொல்வேன்.

இலட்சுமி அக்காவிடம் அந்தக் குறிப்பைப் பற்றிச் சொன்னேன். "நீதான் எழுதிட்டியே புள்ள, அப்பொறம் என்ன?" என்றார். யோகராஜ் மாமா "எழுதாமலே இருந்திருக்கலாம்" என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. முக்தார் சேர் இன்னும் எல்லாக் கூட்டத்திலும் அறுபத்தேழு என்றுதான் சொல்கிறார், அப்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அடுத்த மாதம் வேறொரு மாவட்டத்துத் தோட்டங்களுக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் திட்டம் போடப்போகிறார்களாம். அங்கேயும் ஏழு நாள் நிறுப்பார்கள். அங்கே யாரும் சாகாவிட்டால்?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நான் எழுதினேன், கையெழுத்தும் வைத்தேன், ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் சொல்லிவிட்டேனா, சொல்லவில்லையா? இப்போதாவது போய் அதை முக்தார் சேருக்கு வாசித்துக் காட்டட்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், உடனே சொல்லுங்களேன்?